துப்பாக்கித் துணைக்கருவிகளும் அரசுக் கட்டுப்பாடும்: அமெரிக்காவின் பம்ப் ஸ்டாக் விவாதம்

துப்பாக்கியுடன் பொருத்திப் பயன்படுத்தும் பாகங்களையும் கருவிகளையும் அரசு எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தலாம் என்பது அமெரிக்காவில் நெடுங்காலமாக நடந்துவரும் விவாதம் ஆகும். துப்பாக்கி வைத்திருக்கும் உரிமை பற்றிய பெரிய விவாதத்தின் ஒரு கிளையாக இது தோன்றினாலும், இதன் மையக் கேள்வி சற்று வேறுபட்டது. ஒரு துப்பாக்கியின் தன்மையையே மாற்றிவிடக்கூடிய சிறு பாகம் ஒன்று சந்தைக்கு வரும்போது, அதைத் தடை செய்யும் அதிகாரம் யாருக்கு உள்ளது? சட்டம் இயற்றும் நாடாளுமன்றத்துக்கா, அச்சட்டத்தை நடைமுறைப்படுத்தும் அரசுத் துறைக்கா? பம்ப் ஸ்டாக் என்னும் கருவி தொடர்பாக அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2024-ஆம் ஆண்டில் அளித்த தீர்ப்பு இக்கேள்விக்கான முக்கிய எடுத்துக்காட்டாகும்.

துணைக்கருவி என்றால் என்ன?

துப்பாக்கி சுடுவதற்கு அடிப்படையாகத் தேவைப்படும் பாகங்களைத் தவிர, அதன் பயன்பாட்டை எளிதாக்கவோ மாற்றவோ கூடுதலாகப் பொருத்தப்படுபவை பொதுவாகத் துணைக்கருவிகள் எனப்படுகின்றன. குறிபார்க்க உதவும் தொலைநோக்கி, தோள்வார், விளக்கு போன்றவை பற்றி யாரும் வழக்குத் தொடுப்பதில்லை. விவாதத்துக்கு உள்ளாகுபவை பின்வருவன:

- சுடும் வேகத்தைக் கூட்டும் பம்ப் ஸ்டாக், சிறப்பு வகை விசைகள்
- வெடியோசையைக் குறைக்கும் சைலன்சர்
- அதிகத் தோட்டாக்களைக் கொள்ளும் மேகசின்
- கைத்துப்பாக்கியைக் கையோடு பிணைத்துச் சுட உதவும் தாங்கிகள்

இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சட்டத்தில் நடத்தப்படுகின்றன. சைலன்சர் 1934 முதல் கூட்டரசுக் கட்டுப்பாட்டில் உள்ளது. மேகசின் அளவுக்கு இன்று கூட்டரசுத் தடை இல்லை. சில மாநிலங்களில் மட்டும் தடை உண்டு. பம்ப் ஸ்டாக்கோ ஐந்து ஆண்டுகள் தடை செய்யப்பட்டுப் பின்னர் கூட்டரசுச் சட்டத்தின்கீழ் மீண்டும் அனுமதிக்கப்பட்டது.

சட்டப் பின்னணி

1920-களில் அமெரிக்க நகரங்களில் கள்ளச்சாராயக் கும்பல்களிடையே நடந்த மோதல்களில் தாம்சன் வகை இயந்திரத் துப்பாக்கிகள் பயன்பட்டன. 1929 பிப்ரவரி 14 அன்று சிகாகோவில் எழுவர் சுட்டுக் கொல்லப்பட்ட நிகழ்வு நாடெங்கும் அதிர்ச்சியை ஏற்படுத்தியது. இச்சூழலில் 1934-இல் தேசியத் துப்பாக்கிச் சட்டம் இயற்றப்பட்டது. இயந்திரத் துப்பாக்கி, குட்டைக் குழல் துப்பாக்கி, சைலன்சர் ஆகியவற்றை இச்சட்டம் நேரடியாகத் தடை செய்யவில்லை. அவற்றைப் பதிவு செய்யவும், அவை கைமாறும் போது 200 டாலர் வரி செலுத்தவும் கட்டாயப்படுத்தியது. அக்காலத்தில் இது ஏறக்குறைய ஒரு தாம்சன் துப்பாக்கியின் விலைக்கு நிகரான தொகை.

இயந்திரத் துப்பாக்கி எது என்பதற்கு அச்சட்டம் தந்த வரையறையே பிற்காலச் சிக்கலுக்கு அடிப்படையானது. கையால் மீண்டும் தோட்டா ஏற்றாமல், விசையின் ஒரே இயக்கத்தால், ஒன்றுக்கு மேற்பட்ட குண்டுகளைத் தானாகவே சுடும் ஆயுதம் இயந்திரத் துப்பாக்கி என்பது அதன் சாரம். ‘விசையின் ஒரே இயக்கம்’, ‘தானாகவே’ என்னும் இரண்டு தொடர்களும் இங்கே முக்கியமானவை. இவை துப்பாக்கியின் வேகத்தையோ அது விளைவிக்கும் சேதத்தையோ அளக்கவில்லை. அதன் உள்ளியக்கத்தை விவரிக்கின்றன.

1968-இல் கொண்டுவரப்பட்ட சட்டம் இந்த வரையறையை விரிவுபடுத்தியது. ஒரு துப்பாக்கியை இயந்திரத் துப்பாக்கியாக மாற்றுவதற்கெனச் செய்யப்பட்ட பாகங்களின் தொகுப்பும் இயந்திரத் துப்பாக்கியாகவே கருதப்படும் என்றது. அதாவது, துப்பாக்கியே இல்லாமல் அந்தப் பாகங்களை மட்டும் வைத்திருந்தாலும் குற்றமாகலாம். 1986-இல், புதிதாகச் செய்யப்படும் இயந்திரத் துப்பாக்கிகளைப் பொதுமக்கள் வைத்திருப்பதே தடை செய்யப்பட்டது. அவ்வாண்டு மே 19-க்கு முன் சட்டப்படி பதிவான பழைய துப்பாக்கிகள் மட்டுமே இன்றும் தனியாரிடம் இருக்கலாம்.

பம்ப் ஸ்டாக் இயங்கும் விதம்

அரைத் தானியங்கித் துப்பாக்கியில் ஒவ்வொரு முறை விசையை இழுக்கும்போதும் ஒரு குண்டு மட்டுமே வெளிப்படும். அடுத்த குண்டைச் சுட, விசையை விட்டு மீண்டும் இழுக்க வேண்டும். தோளில் அணைக்கும் பின்கட்டைக்குப் பதிலாகப் பொருத்தப்படுவதே பம்ப் ஸ்டாக். இதைப் பொருத்தினால், துப்பாக்கியின் மற்றப் பகுதி முன்னும் பின்னுமாகச் சறுக்கி நகர முடியும். சுட்டவுடன் ஏற்படும் பின்னுதைப்பு துப்பாக்கியைப் பின்னே தள்ளுகிறது. சுடுபவரின் மற்றொரு கை அதை முன்னோக்கி அழுத்திக்கொண்டே இருக்கிறது. இதனால் அசையாமல் வைக்கப்பட்டிருக்கும் விரலின் மீது விசை மீண்டும் மீண்டும் வந்து மோதுகிறது. நிமிடத்துக்குப் பல நூறு குண்டுகள் என்ற அளவில், இயந்திரத் துப்பாக்கிக்கு நெருங்கிய வேகம் இப்படிக் கிடைக்கிறது.

சட்டத்தின் கண்ணில் இது எந்த வகை? விரல் ஒரே இடத்தில் இருக்கிறது. ஆனால் விசை ஒவ்வொரு குண்டுக்கும் தனித்தனியே இயங்குகிறது. விரலைப் பார்த்தால் ஒரே செயல், விசையைப் பார்த்தால் பல செயல்கள். வழக்கு முழுவதும் இந்த வேறுபாட்டைச் சுற்றியே நடந்தது.

அரசுத் துறையின் மாறிவந்த நிலைப்பாடு

அமெரிக்காவில் துப்பாக்கிச் சட்டங்களை நடைமுறைப்படுத்துவது மது, புகையிலை, துப்பாக்கி, வெடிபொருள் பணியகம் ஆகும். ஏ.டி.எஃப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இத்துறை, தயாரிப்பாளர்கள் அனுப்பும் மாதிரிகளைச் சோதித்து, அவை எந்தச் சட்டத்தின்கீழ் வரும் என்று கருத்து கூறுவது வழக்கம்.

2002-இல் ஏகின்ஸ் ஆக்சிலரேட்டர் என்னும் கருவி இயந்திரத் துப்பாக்கி அல்ல என்று ஏ.டி.எஃப் கூறியது. 2006-இல் தன் கருத்தை மாற்றிக்கொண்டது. அக்கருவியில் உள்ள சுருள்வில் துப்பாக்கியைத் தானாகவே முன்னுக்குத் தள்ளுவதால் அது இயந்திரத் துப்பாக்கியே என்பது புதிய விளக்கம். 2010-இல் ஸ்லைடு ஃபயர் நிறுவனம் சுருள்வில் இல்லாத பம்ப் ஸ்டாக்கைச் சமர்ப்பித்தபோது, தானாக இயங்கும் பாகம் எதுவும் அதில் இல்லை என்பதால் அதைக் கட்டுப்படுத்த இயலாது என்று ஏ.டி.எஃப் பதில் அளித்தது. கைகளின் அசைவு குறைந்தவர்களுக்கு உதவும் கருவியாகவே அது அப்போது முன்வைக்கப்பட்டது. இந்தப் பதிலை நம்பித் தயாரிப்பாளர்கள் விற்றனர். மக்களும் சட்டப்படி வாங்கினர்.

லாஸ் வேகஸ் படுகொலை

2017 அக்டோபர் 1 இரவு, நெவாடா மாநிலம் லாஸ் வேகஸ் நகரில் திறந்தவெளி இசை விழாவுக்கு ஏறத்தாழ 22,000 பேர் கூடியிருந்தனர். அருகிலிருந்த மாண்டலே பே விடுதியின் 32-ஆம் தளத்திலிருந்து ஒருவர் கூட்டத்தை நோக்கிச் சுட்டார். சுமார் பத்து நிமிடங்களில் 1,000-க்கும் மேற்பட்ட குண்டுகள் பாய்ந்தன. 58 பேர் உயிரிழந்தனர். காயங்களின் விளைவாகப் பின்னர் இருவர் இறந்ததால் எண்ணிக்கை 60 ஆனது. குண்டுக் காயம் பட்டவர்கள் மட்டும் 400-க்கும் அதிகம். கொலையாளியின் அறையில் கண்டெடுக்கப்பட்ட துப்பாக்கிகள் பலவற்றில் பம்ப் ஸ்டாக் பொருத்தப்பட்டிருந்தது.

அதுவரை துப்பாக்கி ஆர்வலர்களுக்கு வெளியே பலரும் அறிந்திராத அந்தக் கருவி ஒரே நாளில் நாடெங்கும் பேசப்பட்டது. கட்டுப்பாடுகளை வழக்கமாக எதிர்க்கும் தேசிய ரைஃபிள் சங்கம்கூட, இத்தகைய கருவிகளுக்குக் கூடுதல் ஒழுங்குமுறை தேவை என்று அறிக்கை விட்டது. ஆனால் காங்கிரஸ் சட்டம் இயற்றட்டும் என்று அது கேட்கவில்லை, ஏ.டி.எஃப் மறுபரிசீலனை செய்யட்டும் என்றே கூறியது. மறுபுறம், செனட் உறுப்பினர் டயான் ஃபைன்ஸ்டைன் இக்கருவியைத் தடை செய்யும் மசோதாவைச் சில நாட்களிலேயே கொண்டுவந்தார். துறை விதி உறுதியானது அல்ல, நீதிமன்றத்தில் நிற்காமல் போகலாம், சட்டமே தேவை என்பது அவரது வாதம். அந்த மசோதா நிறைவேறவில்லை.

2018-ஆம் ஆண்டு விதி

2018 பிப்ரவரி 14 அன்று புளோரிடா மாநிலம் பார்க்லேண்ட் பள்ளியில் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்நிகழ்வில் பம்ப் ஸ்டாக் பயன்படவில்லை. எனினும் எழுந்த அழுத்தத்தில், இக்கருவிகளைத் தடை செய்யும் விதியை உருவாக்குமாறு அதிபர் டொனால்ட் டிரம்ப் நீதித்துறைக்கு உத்தரவிட்டார். அவ்வாண்டு டிசம்பரில் இறுதி விதி வெளியாகி, 2019 மார்ச் 26 அன்று நடைமுறைக்கு வந்தது.

‘விசையின் ஒரே இயக்கம்’ என்பதற்கு ‘விசையை ஒரே முறை இழுத்தல்’ என்று இந்த விதி பொருள் கூறியது. இதன்படி பம்ப் ஸ்டாக் இயந்திரத் துப்பாக்கி ஆனது. வைத்திருப்பவர்கள் அதை அழிக்க வேண்டும் அல்லது ஏ.டி.எஃப்-இடம் ஒப்படைக்க வேண்டும். தவறினால் 10 ஆண்டுகள் வரை சிறை. அப்போது மக்களிடம் 2,80,000 முதல் 5,20,000 பம்ப் ஸ்டாக்குகள் இருக்கலாம் என்று அரசு மதிப்பிட்டிருந்தது. இழப்பீடு எதுவும் வழங்கப்படவில்லை. காங்கிரஸ் புதிதாக எந்தச் சட்டமும் இயற்றாமலே, நேற்றுவரை சட்டப்படி வைத்திருந்த பொருள் கடுங்குற்றத்துக்கு உரியதாகிவிட்டது என்பதே விதியை எதிர்த்தவர்களின் முதன்மைக் குறை.

கார்லண்ட் எதிர் கார்கில் வழக்கு

டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டின் நகரில் துப்பாக்கிக் கடை நடத்தும் மைக்கேல் கார்கில் தம்மிடமிருந்த இரண்டு பம்ப் ஸ்டாக்குகளை எதிர்ப்புடன் ஒப்படைத்துவிட்டு அரசின் மீது வழக்குத் தொடுத்தார். வெவ்வேறு மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் இவ்விதி பற்றி எதிரெதிரான முடிவுகளை எடுத்திருந்ததால், வழக்கு உச்ச நீதிமன்றத்தை எட்டியது. டிரம்ப் அரசு கொண்டுவந்த விதியை அங்கே ஆதரித்து வாதாடியது ஜோ பைடனின் அரசு.

2024 ஜூன் 14 அன்று 6-க்கு 3 என்ற பெரும்பான்மையில் உச்ச நீதிமன்றம் விதியை ரத்து செய்தது. இது ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைக் கூறும் அரசமைப்பின் இரண்டாம் திருத்தம் பற்றிய தீர்ப்பு அல்ல என்பதை இங்கே கவனிக்க வேண்டும். பம்ப் ஸ்டாக் வைத்திருப்பது அடிப்படை உரிமை என்று நீதிமன்றம் கூறவில்லை. 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தின் சொற்கள் இக்கருவியை உள்ளடக்குமா என்பதை மட்டுமே அது ஆராய்ந்தது.

பெரும்பான்மைத் தீர்ப்பை நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் எழுதினார். விசைப் பொறியின் உட்பாகங்கள் எப்படி நகர்கின்றன என்பதைக் காட்டும் வரைபடங்களும் தீர்ப்பில் இடம்பெற்றன. பம்ப் ஸ்டாக் பொருத்தினாலும் ஒவ்வொரு குண்டுக்கும் விசை விடுபட்டு மீண்டும் இயங்கியாக வேண்டும். எனவே இது ‘ஒரே இயக்கம்’ அல்ல என்றார் அவர். சுடுபவர் தம் கையால் தொடர்ந்து சரியான அளவில் அழுத்த வேண்டியிருப்பதால் ‘தானாகவே’ என்னும் நிபந்தனையும் நிறைவேறவில்லை என்பது அவரது இரண்டாவது காரணம்.

பெரும்பான்மையுடன் உடன்பட்ட நீதிபதி சாமுவேல் அலிட்டோ சுருக்கமான தனிக் கருத்து ஒன்றை எழுதினார். 1934-இல் சட்டம் இயற்றியவர்கள் பம்ப் ஸ்டாக்கைக் கண்டிருந்தால், அதற்கும் இயந்திரத் துப்பாக்கிக்கும் பெரிய வேறுபாடு பார்த்திருக்கமாட்டார்கள் என்பதை அவர் ஏற்றுக்கொண்டார். ஆனால் எழுதப்பட்ட சட்டம் தெளிவாக இருக்கும்போது அதைத்தான் பின்பற்ற வேண்டும். சட்டத்தைத் திருத்தும் வழி காங்கிரஸுக்குத் திறந்தே உள்ளது என்றார்.

மாறுபட்ட தீர்ப்பை நீதிபதி சோனியா சோட்டமயோர் எழுத, நீதிபதிகள் எலேனா கேகனும் கெட்டான்ஜி பிரவுன் ஜாக்சனும் உடன்பட்டனர். சுடுபவர் விசையை ஒரு முறை இழுத்து, முன்னழுத்தத்தை விடாமல் வைத்திருந்தால் குண்டுகள் தொடர்ந்து பாய்கின்றன. சாதாரண மனிதர் எவரும் இதை இயந்திரத் துப்பாக்கி என்றுதான் சொல்வார் என்பது அவர் வாதம். வாத்தைப் போல் நடந்து, நீந்தி, கத்தும் பறவையை வாத்து என்றே அழைப்பதாக அவர் உவமை கூறினார். சட்டத்தின் நோக்கத்தையே தோற்கடிக்கும் விளக்கம் உயிர்ப்பலிக்கு வழி வகுக்கும் என்றும் எச்சரித்தார்.

இரு தரப்பு வாதங்கள்

கட்டுப்பாட்டை ஆதரிப்போர் கூறுவன:

- ஆபத்து துப்பாக்கியின் பெயரில் இல்லை. அது செய்யக்கூடியதில் உள்ளது. ஒரே விளைவைத் தரும் இரு கருவிகளைச் சட்டம் வேறுபடுத்திப் பார்ப்பது பொருத்தமற்றது.
- சட்ட வரையறையைப் படித்து, அதன் எல்லைக்குச் சற்று வெளியே நிற்கும்படி கருவிகள் வடிவமைக்கப்படுகின்றன. புதிய கருவி வரும் வேகத்துக்குக் காங்கிரஸால் சட்டம் இயற்ற முடியாது. தொழில்நுட்ப அறிவு கொண்ட துறைக்கு அதிகாரம் வேண்டும்.
- துணைக்கருவியைக் கட்டுப்படுத்துவதால் எவரது தற்காப்பு உரிமையும் பறிபோவதில்லை. துப்பாக்கி அவர்களிடமே இருக்கிறது.

எதிர்ப்போர் கூறுவன:

- ஒரு செயல் குற்றமா இல்லையா என்பது மக்கள் பிரதிநிதிகள் இயற்றும் சட்டத்தால் முடிவாக வேண்டும். அதிகாரிகள் விளக்கத்தை மாற்றி, சட்டத்தை மதிக்கும் குடிமகனை ஒரே நாளில் குற்றவாளி ஆக்கக்கூடாது.
- பழகிய கையால் துணைக்கருவி இல்லாமலே விரைவாகச் சுட முடியும். வேகத்தை அளவுகோலாகக் கொண்டால், இறுதியில் எல்லா அரைத் தானியங்கித் துப்பாக்கிகளும் தடைக்குள் வரக்கூடும்.
- கொலை செய்யத் துணிந்தவரைத் துணைக்கருவித் தடை நிறுத்தாது. சட்டப்படி நடப்பவரையே அது பாதிக்கும்.

இரு தரப்பிலும் வலுவான பகுதி ஒன்று உண்டு. 2010-இல் அனுமதித்ததை 2018-இல் அதே சட்டத்தைக் கொண்டே தடை செய்தது ஏ.டி.எஃப்-இன் நம்பகத்தன்மையைக் குறைத்தது. அதே நேரம், அரிதாகப் பயன்படும் ஒரு கருவி ஒரே இரவில் எவ்வளவு பேரைப் பலிகொள்ள முடியும் என்பதை லாஸ் வேகஸ் காட்டியது.

பிற துணைக்கருவிகள்

சைலன்சர்: ஹைரம் பெர்சி மாக்சிம் 1909-இல் காப்புரிமை பெற்ற கருவி இது. திரைப்படங்களில் காட்டுவதுபோல் ஓசையை இது முற்றிலும் அடக்குவதில்லை. கேட்கும் திறனைப் பாதிக்காத அளவுக்கு அருகில் கொண்டுவருகிறது. பின்லாந்து, நார்வே போன்ற நாடுகளில் வேட்டையில் இதன் பயன்பாடு வழக்கமானது. ஆதரவாளர்கள் செவிப் பாதுகாப்பைச் சுட்டுகின்றனர். எதிர்ப்போர், சுடும் இடத்தைக் கண்டறிவது கடினமாகும் என்கின்றனர். 2019 மே 31 அன்று வர்ஜீனியா பீச் நகரில் 12 பேர் கொல்லப்பட்டபோது சைலன்சர் பயன்பட்டதை அவர்கள் நினைவூட்டுகின்றனர். 1934 முதல் மாறாதிருந்த 200 டாலர் வரியை, 2025-இல் இயற்றப்பட்ட சட்டம் 2026 ஜனவரி 1 முதல் பூச்சியம் ஆக்கியது. பதிவு செய்யும் கடமை தொடர்கிறது.

அதிகக் கொள்ளளவு மேகசின்: பத்துக்கு மேற்பட்ட தோட்டாக்கள் கொள்ளும் புதிய மேகசின்களுக்கு 1994 முதல் 2004 வரை கூட்டரசுத் தடை இருந்தது. 2011 ஜனவரியில் அரிசோனா மாநிலம் டூசான் நகரில் ஆறு பேரைக் கொன்றவர், 33 தோட்டாக்கள் கொண்ட மேகசின் தீர்ந்து அடுத்ததை மாற்ற முயன்றபோதுதான் மடக்கிப் பிடிக்கப்பட்டார். அளவுக் கட்டுப்பாட்டை ஆதரிப்போர் அடிக்கடி காட்டும் சான்று இது. கலிபோர்னியாவின் மேகசின் தடை செல்லும் என்று 2025 மார்ச்சில் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. அத்தகைய மேகசின் ‘ஆயுதம்’ என்னும் சொல்லுக்குள் வராது, பாதுகாக்கப்பட்ட துணைக்கருவியும் ஆகாது என்பது அதன் காரணங்களுள் ஒன்று.

கைத் தாங்கி: உடற்குறை உள்ள முன்னாள் படைவீரர் ஒரு கையால் சுடுவதற்கென உருவான கருவி இது. பலர் இதைத் தோளில் அணைத்துச் சுடத் தொடங்கியதால், இது பொருத்திய கைத்துப்பாக்கிகளைக் குட்டைக் குழல் துப்பாக்கிகளாகக் கருதும் விதியை ஏ.டி.எஃப் 2023-இல் கொண்டுவந்தது. 2024 ஜூனில் டெக்சாஸ் கூட்டரசு நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

பிற நாடுகளில்

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் 2019 மார்ச் 15 அன்று இரு பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்டனர். ஒரு மாதத்துக்குள் அந்நாட்டு நாடாளுமன்றம் 119-க்கு 1 என்ற வாக்குகளில் சட்டம் இயற்றி, பெரும்பாலான அரைத் தானியங்கித் துப்பாக்கிகளோடு, பெரிய மேகசின்களையும் குறிப்பிட்ட பாகங்களையும் தடை செய்தது. ஒப்படைத்தவர்களுக்கு இழப்பீடும் வழங்கப்பட்டது. அமெரிக்காவில் துறை விதி மூலம் இழப்பீடின்றி நடந்தது, நியூசிலாந்தில் நாடாளுமன்றச் சட்டம் மூலம் இழப்பீட்டுடன் நடந்தது என்பது முக்கிய வேறுபாடு.

இந்தியாவின் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், துப்பாக்கியின் ஓசையையோ ஒளியையோ குறைக்கும் துணைக்கருவியைத் ‘துப்பாக்கி’ என்னும் வரையறைக்குள்ளேயே சேர்த்துள்ளது. தடை செய்யப்பட்ட ஆயுதத்தை வரையறுக்கும்போது, விசையை அழுத்தியிருக்கும் வரை குண்டுகள் தொடர்ந்து வெளிப்படும்படி ‘வடிவமைக்கப்பட்ட அல்லது மாற்றியமைக்கப்பட்ட’ துப்பாக்கியை அது குறிப்பிடுகிறது. இதுவும் உள்ளியக்கத்தையே விவரிக்கும் வரையறைதான். ஆனால் இந்தியாவில் எந்தத் துப்பாக்கிக்கும் முன்னரே உரிமம் பெற வேண்டும் என்பதால், அமெரிக்காவைப் போல் ஒரு சொல்லின் பொருளில் அனைத்தும் தங்கியிருப்பதில்லை.

தற்போதைய நிலை

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த நான்கு நாட்களில், பம்ப் ஸ்டாக்கைத் தடை செய்யும் மசோதாவை வாக்கெடுப்பின்றி ஒருமனதாக நிறைவேற்ற செனட்டில் முயற்சி நடந்தது. ஒரு குடியரசுக் கட்சி உறுப்பினரின் மறுப்பால் அது நின்றது. கூட்டரசுத் தடை நீங்கினாலும், கலிபோர்னியா, மாசசூசெட்ஸ், புளோரிடா, நெவாடா உட்பட சுமார் 15 மாநிலங்கள் தம் சொந்தச் சட்டங்களால் இக்கருவியைத் தடை செய்துள்ளன. துறை விதியை ரத்து செய்த தீர்ப்பு இந்த மாநிலச் சட்டங்களைத் தொடவில்லை.

2025 மே மாதம், விசையை விரைவாக முன்னிலைக்குத் திருப்பும் மற்றொரு வகைக் கருவி தொடர்பான வழக்குகளை அமெரிக்க நீதித்துறை சமரசமாக முடித்து, அதன் விற்பனைக்கு வழிவிட்டது. மாறாக, கைத்துப்பாக்கியின் பின்புறம் பொருத்தி அதை முழுத் தானியங்கியாக மாற்றும் ‘ஸ்விட்ச்’ எனப்படும் சிறு கருவி, இயந்திரத் துப்பாக்கி வரையறைக்குள் ஐயமின்றி வருவதால் சட்டவிரோதமாகவே நீடிக்கிறது.

1934-ஆம் ஆண்டு வரையறையில் உள்ள ‘விசையின் ஒரே இயக்கம்’ என்னும் தொடர் இன்றுவரை மாறாமல் உள்ளது. அதற்குப் புதிய பொருள் தரும் அதிகாரம் ஏ.டி.எஃப்-க்கு இல்லை என்று நீதிமன்றம் கூறிவிட்டது. அதைத் திருத்தும் அதிகாரம் உள்ள காங்கிரஸ் இதுவரை திருத்தவில்லை. எனவே ஒருவர் பம்ப் ஸ்டாக் வைத்திருப்பது குற்றமா இல்லையா என்பது, இப்போதைக்கு, அவர் எந்த மாநிலத்தில் வசிக்கிறார் என்பதைப் பொறுத்தே அமைகிறது.